இரண்டாவது கோடு

கான்ட் சார்ட்டில் வரும் 'கான்ட்' என்பது எழுத்துச் சுருக்கம் அல்ல. ஆங்கிலத்தில் அதன் ஐந்து எழுத்தையும் பெரிய எழுத்தாகவே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு விரிவாக்கம் இருக்கும் என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பையன் ஒருவன், "ஃபுல் ஃபார்ம் என்ன சார்?" என்று என்னிடமே கேட்டான். ஃபுல் ஃபார்ம் ஹென்றி லாரன்ஸ் கான்ட், அமெரிக்காவின் மேரிலாந்தில் 1861-இல் பிறந்த இன்ஜினியர் என்றேன். அவன் நம்பவில்லை. ஒரு மனிதரின் பெயர் அவரை விட்டுக் கழன்று வெறும் பொருட்பெயராகிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கட்டட வேலைக்காரர்களுக்கு அந்தப் பெயரும் தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு அது 'பார் சார்ட்'. வேலை நடக்கும் எந்த இடத்திலும் தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். சிமென்ட் தூசி படிந்த ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக வேலைகள், தலைப்பில் தேதிகள், நடுவே படிக்கட்டு மாதிரி இறங்கிவரும் பட்டைகள். எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது ஒரே பார்வையில் தெரியும். ஆனால் அந்தத் தாளில் பெரும்பாலும் ஒன்று இருக்காது. நேற்று வரை உண்மையில் எவ்வளவு நடந்தது என்பது. கான்ட் அந்தப் படத்தை வரைந்ததே அதற்காகத்தான். தாள் உலகம் சுற்றி நம் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள், நடந்ததைக் காட்டும் அந்தக் கோடு எங்கோ விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று தேடிப் போனால் கதை கான்டுக்கும் முன்னால் தொடங்குகிறது.

காலத்தைக் கிடைமட்டக் கோடாக நீட்டிக் காட்டலாம் என்று பரவலாக நிரூபித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆக்சிஜனோடு சேர்த்து நாம் பள்ளியில் படித்த அதே பிரீஸ்ட்லி. அதற்கு முன்பு இங்கிலாந்தின் வாரிங்டனில் ஒரு கல்விக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். யார் யாருக்கு முன்னால் வாழ்ந்தார்கள், யாரும் யாரும் சமகாலத்தவர் என்பதை மாணவர்கள் தலையில் ஏற்றுவது பெரும்பாடாக இருந்திருக்கிறது. 1765-இல் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று வரைபடத்தில் சுமார் 2,000 பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும். கி.மு. 1200 முதல் கி.பி. 1800 வரை ஒரே அகலத் தாளில். பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாதவர்களுக்கு அவர் பொய் சொல்லவில்லை, புள்ளி வைத்தார். எங்கே உறுதி, எங்கே ஊகம் என்று கோட்டிலேயே தெரியும். திட்ட அட்டவணை போடுகிற நம்மில் யாருக்காவது இந்த நேர்மை உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆறு மாதத்துக்கான பட்டைகளை, நடந்து முடிந்ததைப் போல அழுத்தமாக நிறம் தீட்டிவிடுகிறோம். இன்னொன்று: பிரீஸ்ட்லியின் தாள் 1800-இல் முடிந்துவிட்டது, அவர் 1804 வரை இருந்தார்.

அடுத்த படி வில்லியம் பிளேஃபேர். ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர். 1786-இல் நாடுகளின் வணிகக் கணக்குகளைப் படங்களாக ஒரு புத்தகமாகவே போட்டார். மற்ற நாடுகளுக்குப் பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்ததால் ஏறி இறங்கும் கோடுகள் வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஓர் ஆண்டுக் கணக்கே கிடைத்தது. ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு எதை ஏற்றி இறக்குவது? வேறு வழியில்லாமல், ஸ்காட்லாந்து வணிகம் செய்த ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பட்டைகள் வரைந்தார். ஏற்றுமதிக்கு ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று. காலம் காட்டாத படம் என்று அவருக்கே அதில் திருப்தி இல்லை. இன்று பள்ளிப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் படம் அதுதான். ஆக, பட்டை பிறந்தபோது அதில் காலம் இல்லை. பிரீஸ்ட்லியின் கோட்டில் காலம் இருந்தது, வேலை இல்லை. இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவர இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்தது தொழிற்சாலை.

முதலில் செய்தவரை உலகம் கவனிக்கவில்லை. கரோல் அடாமியெட்ஸ்கி போலந்துக்காரர். போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லாத காலத்தில், ரஷ்யப் பேரரசின் எஃகு உருட்டாலைகளில் இன்ஜினியராக இருந்தவர். உருட்டாலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஓர் உருளையிலிருந்து அடுத்த உருளைக்கு ஆறுவதற்குள் போயாக வேண்டும். ஒரு இயந்திரம் மட்டும் வேகமாக ஓடிப் பயனில்லை. பின்னால் இருப்பது மெதுவாக இருந்தால் முன்னால் இருப்பது காத்து நிற்கும். அடாமியெட்ஸ்கி தேடியது வேகத்தை அல்ல, இசைவை. 1896-இல் தான் உருவாக்கிய முறைக்கு 'ஹார்மோனோகிராம்' என்று பெயர் வைத்தார். கச்சேரியில் மிருதங்கம் தனியாக எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பாட்டோடு சேராவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காகிதக் கீற்று. கீற்றின் தலையில், தனக்கு முன்னால் எவை முடிந்திருக்க வேண்டும், தனக்குப் பின்னால் எவை காத்திருக்கின்றன என்ற குறிப்பு. காலம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு வேலை தள்ளிப்போனால் அந்தக் கீற்றை நகர்த்தலாம், அதை நம்பியிருக்கும் கீற்றுகளும் கூடவே நகர வேண்டும். இன்று மென்பொருளில் ஒரு பட்டையை இழுத்தால் மற்றவையும் சேர்ந்து நகர்வதைப் பார்த்து வியக்கிறோம். அவர் அதைக் கத்தரிக்கோலும் காகிதமும் வைத்துக்கொண்டு செய்தார். 1903-இல் எகடெரினோஸ்லாவ் நகரத்தில் ரஷ்ய இன்ஜினியர்களின் சபையில் தன் கருத்துகளை விளக்கினார். ஹார்மோனோகிராம் பற்றி அவர் எழுதி வெளியிட்டது 1931-இல், அதுவும் போலிஷ் மொழியில். 1933-இல் இறந்துபோனார். அதற்குள் படத்துக்கு வேறொருவர் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. இதை நியாயம் அநியாயம் என்று பேச ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் எழுதியவன் பெயர் முந்திக்கொள்வது தமிழ் வாசகர்களுக்குப் புதிய செய்தியும் அல்ல.

இனி கான்ட். அடிமைகளை வைத்துப் பண்ணையம் நடத்திய குடும்பம். அவர் பிறந்த ஆண்டில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. போர் முடிந்தபோது குடும்பம் நொடித்துப்போயிருந்தது. பள்ளி ஆசிரியராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு இயந்திரவியல் படித்தார். 1887-இல் மிட்வேல் எஃகு ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லரிடம் வந்து சேர்ந்தார். கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்த அதே டெய்லர். கான்ட் டெய்லரின் சீடர்தான், ஆனால் குருவின் கெடுபிடி அவருக்கு முழுதாக ஒட்டவில்லை. டெய்லர் முறையில் குறித்த அளவை எட்டாத தொழிலாளிக்குக் கூலி குறையும். கான்ட் 1901-இல் பெத்லஹேம் எஃகு ஆலையில் அதைத் திருப்பிப் போட்டார். நாள்கூலி நாள்கூலிதான், அதில் கைவைப்பதில்லை. குறித்த வேலையை முடித்தால் மேலே போனஸ். அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. போனஸ் வாங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கணக்குப் போட்டு அவனுடைய ஃபோர்மேனுக்கும் ஒரு தொகை. அவன் கீழ் வேலை செய்யும் அத்தனை பேரும் வாங்கிவிட்டால் இன்னும் கூடுதல். இதனால் ஃபோர்மேனின் வேலை அதட்டுவதிலிருந்து கற்றுக்கொடுப்பதற்கு மாறியது.

அந்த போனஸ் கணக்கைத்தான் கான்ட் முதலில் படமாக்கினார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. போனஸ் வாங்கிய நாள் கறுப்பு, வாங்காத நாள் சிவப்பு. 1910-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தப் படங்கள் இருக்கின்றன. இடப்பக்கம் சிவப்பு மண்டிக் கிடக்கும், வலப்பக்கம் போகப் போகக் கறுப்பு கூடும். வேலை கற்றுக்கொள்வது கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் படத்தில் எதிர்காலமே இல்லை. எல்லாம் நடந்து முடிந்தவை. இப்போது கான்டின் பெயரைச் சொன்னதும் 'திட்டமிடல்' என்று மனம் ஓடுகிறது. அவர் தொடங்கிய இடம் திட்டம் அல்ல, பதிவு.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. துப்பாக்கி, குண்டு, கப்பல் எல்லாவற்றுக்கும் ஆர்டர் மேல் ஆர்டர். எதற்கு எவ்வளவு ஆர்டர் கொடுத்திருக்கிறோம் என்று கோப்புகளைப் புரட்டினால் தெரியும். எது எப்போது கைக்கு வரும் என்று கேட்டால்தான் பதில் கிடைக்காது. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்ஃபோர்ட் படைக்கலச் சாலைக்கு கான்ட் ஆலோசகராக வந்தார். பிறகு ராணுவத் தளவாடத் துறை, அதன் பிறகு கப்பல் கட்டும் வேலை. இங்கேதான் அவர் படம் இன்றைய உருவத்தை எடுக்கிறது. ஆனால் அது இயங்கிய விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பட்டை வரையத் தெரிந்த பலருக்கு இது தெரியாது.

தாளில் கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு நாள். அதே கட்டம் அந்த நாளில் செய்ய வேண்டிய வேலையின் அளவும்கூட. நாளைக்கு 100 உருப்படி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை 75 செய்தால், திங்கட்கிழமைக் கட்டத்தில் முக்கால் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு. செவ்வாய்க்கிழமையும் 75, மறுபடி முக்கால். புதன்கிழமை 100, கட்டம் நிறைந்தது. இதற்குக் கீழே தடித்த கோடு ஒன்று. அது கட்டத்துக்குக் கட்டம் நின்று தொடங்குவதில்லை, மொத்தத்தையும் சேர்த்துக்கொண்டே போகும். மூன்று நாளில் 250 என்றால் இரண்டரைக் கட்டத்தில் நிற்கும். தாளின் தலையில், புதன்கிழமை முடியும் இடத்தில் ஆங்கில 'வி' வடிவத்தில் ஒரு குறி. இன்றைக்கு இங்கே இருக்கிறோம் என்பதற்கு. வி மூன்றாவது கட்டத்தின் முடிவில், தடித்த கோடு இரண்டரையில். அரை நாள் பின்தங்கியிருக்கிறோம். 50 உருப்படி குறைகிறது என்றால் அது அதிகமா குறைவா என்று யோசிக்க வேண்டும். அரை நாள் என்றால் உடனே உறைக்கும். குண்டையும் கப்பலையும் உடையையும் ஒரே தாளில் ஒப்பிட முடிந்தது இதனால்தான். எல்லாவற்றையும் அவர் நாளாக மாற்றிவிட்டார்.

கோடு குறைந்த இடத்தில் ஓர் எழுத்து போடவேண்டும் என்பது அடுத்த விதி. ஆர் என்றால் இயந்திரம் பழுது. எம் என்றால் மூலப்பொருள் வரவில்லை. டி என்றால் கருவி சரியில்லை. ஒரு மாதத் தாளைச் சுவரில் மாட்டிவிட்டு எழுத்துகளை எண்ணிப் பார்த்தால், தொழிலாளியின் சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி வேறு யாருடைய கணக்கிலோ போய் விழும். மூலப்பொருள் வாங்கித் தருவது யார் வேலை? பழுது பார்க்க ஆள் வைப்பது யார் வேலை? கான்ட் இதைத் தெரிந்தேதான் செய்தார். 1915-இல் அவர் வாதாடிய இன்னொன்றும் இதே வகை. சும்மா நிற்கும் இயந்திரத்தின் செலவை, ஓடுகிற இயந்திரம் செய்த பொருளின் விலையில் ஏற்றக்கூடாது, அது நிர்வாகத்தின் நஷ்டம் என்றார். முதலாளிகளுக்கு இனிக்கிற பேச்சு அல்ல. 1919 நவம்பரில், 58 வயதில் இறந்துபோனார். படத்துக்குக் காப்புரிமை எதுவும் வாங்கி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு படம் அவரில்லாமல் பயணம் போனது. கூட வேலை பார்த்த வாலஸ் கிளார்க் 1922-இல் கான்ட் சார்ட் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். மெல்லிய கோடு, தடித்த கோடு, வி குறி, காரண எழுத்து எல்லாம் அதில் விளக்கமாக இருக்கின்றன. ஜப்பானிய மொழி வரை பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் இன்ஜினியராக இருந்த வால்டர் போலகோவ் 1929-இல் சோவியத் நாட்டுக்குப் போய் அங்குள்ள தொழிற்சாலைகளில் இந்தப் படத்தைச் சொல்லிக்கொடுத்தார். முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்க முதலாளிகளின் ஆலையில் பிறந்த தாள், பொதுவுடைமை அரசின் சுவரிலும் ஒட்டப்பட்டது. தாளுக்குக் கட்சி கிடையாது.

ஆனால் கை மாற மாற ஒன்று தேய்ந்தது. ஒவ்வொரு நாளும் கணக்கெடுத்து இரண்டு கோடுகளை வரைவது ஓர் ஆளுக்கு முழுநேர வேலை. பட்டையை ஒருமுறை வரைந்து மாட்டுவதோ அரை மணி நேர வேலை. எது மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. பதிவேடாகப் பிறந்தது மெல்ல மெல்ல வாக்குறுதியாக மாறியது. என் சந்தேகம், நிர்வாகங்களுக்கும் இது வசதியாகவே இருந்திருக்கும். வாக்குறுதித் தாளில் காரண எழுத்து போட வேண்டியதில்லை.

1957-இல் இதற்கு வேறு திசையிலிருந்து அடி விழுந்தது. டுபான்ட் ரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனமும் சேர்ந்து ஒரு வழியைத் தேடின. ஆலை கட்டும்போதும் பழுதுபார்க்க நிறுத்தும்போதும் எந்தெந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும்? மோர்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி இருவரும் கண்டுபிடித்தது 'கிரிட்டிக்கல் பாத்'. ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் வேலைகளில் மிக நீளமான சங்கிலி எதுவோ அதுதான் திட்டத்தின் மொத்த நீளம். அந்தச் சங்கிலியில் ஒரு நாள் போனால் முடிவு தேதியில் ஒரு நாள் போகும். சங்கிலியில் இல்லாத வேலைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடமுண்டு, அதற்கு 'ஃப்ளோட்' என்று பெயர். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைக்காக 'பெர்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. இரண்டிலும் பட்டை இல்லை, வட்டமும் அம்புக்குறியுமான வலை. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை வெறும் பட்டை காட்டாது, அம்பு காட்டும். அடாமியெட்ஸ்கி கீற்றின் தலையில் எழுதி வைத்ததுதான், அறுபது ஆண்டு கழித்து அம்பாக வந்தது.

பெர்ட் இன்னொன்றும் செய்தது. 'எத்தனை நாள் ஆகும்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் போதாது, மூன்று வேண்டும் என்றது. எல்லாம் கூடிவந்தால் எத்தனை, வழக்கமாக எத்தனை, எல்லாம் சொதப்பினால் எத்தனை. வழக்கமானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். வீட்டுக்குள் பூச்சு வேலை நன்றாக நடந்தால் 5 நாள், வழக்கமாக 7, மணல் வராமல் இழுத்தால் 15 என்றால், 5 + 28 + 15 = 48, ஆறால் வகுத்தால் 8. பிரீஸ்ட்லியின் புள்ளிகளுக்குக் கிடைத்த கணக்கு வடிவம் என்று இதைச் சொல்லலாம். சில சமயம் மூன்று மதிப்பீடும் தோற்றுப்போவது உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் இன்ஜினியர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ வேலை நடந்த இடங்களில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று இறங்கிக்கொண்டே வரும் கடிகாரங்களை வைத்தவரும் அவர்தான்.

வலைப்படம் வந்ததும் பட்டை ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. அம்பு வலையைப் பார்த்தால் இன்ஜினியருக்குப் புரியும், பணம் போட்டவருக்குக் கண் கட்டும். ஆகவே கணக்கை வலையில் போட்டு, முடிவைப் பட்டையாகக் காட்டும் வழக்கம் வந்தது. 1980-களில் மேசைக் கணினிகள் வந்தபோது அதுவே மென்பொருளாயிற்று. 1983-இல் பிரிமவேரா நிறுவனம், 1984-இல் டாஸில் ஓடிய மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட். பட்டையின் வாலிலிருந்து அடுத்த பட்டையின் தலைக்கு ஓர் அம்பு. கான்டும் அடாமியெட்ஸ்கியும் சந்தித்தது அங்கேதான். விழுந்துபோன இரண்டாவது கோடும் மென்பொருளில் இருக்கிறது. எவ்வளவு சதவீதம் முடிந்தது என்று எண்ணைக் கொடுத்தால் பட்டைக்குள் கறுத்த கோடாக ஓடும். முதலில் போட்ட திட்டத்தை 'பேஸ்லைன்' என்று சேமித்து வைத்தால், அதுவும் கீழே நிழலாக நிற்கும். ஆனால் மெனுவுக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். யார் தேடுகிறார்கள்?

தனியாகத் திட்ட மென்பொருள் வாங்காதவர்களுக்கு எக்செல் போதும். மூன்று பத்தி: வேலை, தொடங்கும் நாள், எத்தனை நாள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வகைப் படுக்கைப் பட்டைப் படத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு துண்டாகப் பட்டை விழும். முதல் துண்டு, தொடங்கும் நாள் வரையிலான வெற்று. அதை நிறமில்லாமல் ஆக்கிவிட வேண்டும். அவ்வளவுதான், மிச்சத் துண்டுகள் காற்றில் மிதப்பது மாதிரி தங்கள் இடத்தில் நிற்கும். எக்செல் முதல் வேலையைக் கடைசியில் போட்டு வைக்கும் என்பதால் அச்சைத் தலைகீழாக்க மறக்கக் கூடாது. மறந்து, கிரகப்பிரவேசத்தை மேலேயும் கடைக்காலைக் கீழேயும் போட்டு அச்சடித்த தாளை ஒரு கொட்டகையில் பார்த்தேன். யோசித்தால் கட்டடம் அப்படித்தானே எழும்புகிறது என்று அந்த இன்ஜினியர் தம்பி சிரித்துக்கொண்டே சமாளித்தார்.

நான் முதலில் உட்கார்ந்து போட்டது எங்கள் வீட்டு மாடிக்கு. கட்டம் போட்ட நோட்டுத்தாள், பென்சில், மேஸ்திரி அண்ணன். தளத்திலிருந்து தொடங்கினோம். சென்ட்ரிங் அடிக்க 5 நாள், கம்பி கட்ட 3, அதன் கடைசி நாளிலேயே எலெக்ட்ரீஷியன் பைப் போட்டுவிடுவார், 9-ஆம் நாள் கான்கிரீட். அடுத்து உள்பூச்சுக்கு 10-ஆம் நாளில் பட்டை வரைந்தேன். மேஸ்திரி பென்சிலை வாங்கிக்கொண்டார். "முட்டைப் பிரிக்காம உள்ள எப்படி சார் பூசுறது?" எங்கள் ஹால் நாலரை மீட்டருக்கு மேல் அகலம். அந்த அகலத் தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சின்ன அறையாக இருந்தால் 7 நாள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, கலப்பு சிமென்ட் என்பதால், குறைந்தது 10 நாள். அது இந்த 14-க்குள் அடங்கிவிடும். ஆக 10 முதல் 23 வரை ஒரு நீளப் பட்டை.

"அண்ணே, இந்தப் பதினாலு நாளும் யார் வேலை பாக்குறாங்க?" என்றேன்.

"கான்கிரீட்டு பாக்குது" என்றார்.

புதிதாக அட்டவணை போடுகிறவர்கள் தவறவிடுவது இந்தப் பட்டையைத்தான். ஆள் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதிவிடுவோம். காய்வதற்கும் இறுகுவதற்கும் கையெழுத்து வருவதற்கும் சாமான் வந்து இறங்குவதற்கும் ஆகும் நாளுக்குப் பட்டை போடமாட்டோம். யாரும் கூலி வாங்காத பட்டைதான் எங்கள் சங்கிலியில் மிக நீளமானது. 24-இல் முட்டுப் பிரிப்பு, 25 முதல் 32 வரை உள்பூச்சு, 33-இல் கதவு மாட்டுவது. சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட், காத்திருப்பு, பூச்சு, கதவு, இதுதான் சங்கிலி. காம்பவுண்டு சுவருக்கு 6 நாள் போதும், 32-க்குள் எங்கே வேண்டுமானாலும் சொருகலாம். மழை வந்தால் தள்ளிக்கொள்ளட்டும்.

கதவுக்கு ஆசாரி 20 நாள் கேட்டிருந்தார். பின்னாலிருந்து எண்ணினோம். 33-இல் கதவு வேண்டும் என்றால் 13-ஆம் நாள் காலையில் அவர் மரத்தில் கை வைத்திருக்க வேண்டும். அதாவது முன்பணம் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். தாளில் அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டேன். நாள் எடுத்துக்கொள்ளாத வேலை, ஆனால் நடந்தே ஆகவேண்டிய ஒரு கணம். இதை 'மைல்ஸ்டோன்' என்பார்கள்.

பிறகு ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு வரி காலியாக விட்டேன், கான்டுக்காக. தினமும் சாயங்காலம் சிவப்புப் பேனாவில் அன்று நடந்ததை அந்த வரியில் இழுத்துக்கொண்டே வந்தேன். சென்ட்ரிங் ஐந்துக்கு ஐந்து. கம்பி கட்ட மூன்றுக்கு மூன்று. கான்கிரீட் அன்று மழை பயம் காட்டிவிட்டுப் போய்விட்டது. 24-இல் முட்டுப் பிரித்தார்கள். பூச்சு 32-இல் முடிந்தது, சொன்ன நாளுக்குச் சொன்ன நாள். கதவின் வரியில் மட்டும் சிவப்பு 21-ஆம் நாளில்தான் தொடங்கி 40-இல் நின்றது. எட்டு நாள் தாமதம். பூசிய வீடு கதவில்லாமல் எட்டு நாள் திறந்து கிடந்தது. காரண எழுத்து போடும் கட்டத்தில் யோசிக்காமல் 'ஆ' என்று எழுதினேன், ஆசாரி என்பதற்கு.

மறுநாள் தாளைப் பார்த்தபோது சிவப்புக் கோட்டின் நீளம் கண்ணில் பட்டது. 21-இலிருந்து 40 வரை எண்ணிப் பார்த்தேன். சரியாக 20 நாள். அவர் கேட்டதும் அதுதான், எடுத்துக்கொண்டதும் அதுதான். மேலே 12-க்கும் 13-க்கும் நடுவில் நான் போட்ட முக்கோணம் அப்படியே பென்சிலில் இருந்தது. தேக்கா, வேங்கையா என்று எட்டு நாள் மரக்கடைக்கு நடந்துகொண்டிருந்தது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 'ஆ'-வை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'நா' என்று எழுதினேன்.